குஷன் மேல் ஒரு நட்டு

மோதல். இடது சக்கரம். டங்கென்று இரும்புச் சத்தம். தகரக் கூரை அதைத் திருப்பி அனுப்புகிறது. நாற்காலி சாய்கிறது. நானும் சேர்ந்தே சாய்கிறேன். இடுப்புப் பட்டை விடாது.

"மல்லிகா! பின்னாடி! பின்னாடி!"

தாமதம். இரண்டாவது மோதல். தரை. முழங்கை முதலில். பிறகு தோள். கால்கள் எங்கே விழுந்தன என்று எனக்குத் தெரியாது. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்தேன். இரண்டும் இருந்தன.

ஞாயிறு. மாலை நாலு பத்து. துடியலூர்ப் பக்கம் ஒரு கூடைப்பந்து மைதானம். நாங்கள் ஒன்பது பெண்கள். ஒன்பது பேருக்கும் முதுகுத் தண்டில் அடி. கிணறு, லாரி, மாடிப்படி என்று ஆளுக்கொரு காரணம். விளையாட்டு நாற்காலிகள் ஆறுதான். ஆட்டத்தின் நடுவே இறங்குவோம், அடுத்தவள் ஏறுவாள். எங்களைக் கெடுத்தது அந்த அவசரம்தான்.

நான் எல்லைக்குப் போனவள் இல்லை. குண்டுச் சத்தம் கேட்டதில்லை. என் போர் இடுப்புக்குக் கீழே நடந்தது. பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை எனக்கு. ஒரு புதன்கிழமை, காலை எட்டு நாற்பது. கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். டிப்பர் லாரி. கிரீச்சென்று பிரேக். அப்புறம் சத்தமே இல்லை. அவருக்கு முட்டியில் சிராய்ப்பு. எனக்கு முதுகெலும்பு.

மூன்று வருடம் படுக்கை. மாதம் தவறாமல் மூத்திரக் கிருமி, காய்ச்சல், நடுக்கம். இரண்டு பக்கமும் படுக்கைப் புண். சொன்ன பேச்சு கேட்காத கால்கள் தாமாகவே துள்ளும், தூங்க விடாது. படுத்தே கிடந்தால் மனுஷ உடம்பு அழுகும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

நூர்ஜகான் அக்கா வந்தார். கோவையின் பழைய தெரு ஒன்றில் தையல் கடை வைத்திருப்பவர். மாடிப்படியில் விழுந்தவர். எங்கள் டீமை நடத்துபவர். சக்கர நாற்காலியில் நேராக என் கட்டிலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இப்புடியே கெடந்தா என்னத்துக்கு ஆவும்? ஞாயித்துக்கெழம வந்து பந்த எடுத்து எறிங்க."

வெளியே போ என்று கத்தினேன். போனார். அடுத்த வாரமும் வந்தார். நாலாவது வாரம் நானே போனேன். இதெல்லாம் வெட்டி வேலை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் போனேன்.

முதல் நாள் இரண்டு எறி. மூச்சு வாங்கியது. பந்து கம்பி வளையத்தைத் தொடவே இல்லை. கோபம் வந்தது. கோபத்தில் மறுபடி போனேன். மூன்றாம் மாதம் யாரும் தூக்காமல் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினேன். மூத்திரத் துணியை அடிக்கடி மாற்ற வேண்டுமே என்று தண்ணீருக்குப் பயந்து கிடந்தவள், வியர்த்து வியர்த்துச் சொம்பு சொம்பாகக் குடித்தேன். காய்ச்சல் மாதாமாதம் வருவதை நிறுத்தியது. இருமினால் சளி வெளியே வந்தது. கால் துள்ளல் அடங்கியது. தூங்கினேன். டாக்டர் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் சொன்னார். நான் என் கையால் குளித்தேன். எனக்கு அது போதும்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. உட்காரும் முன் குஷனைக் கையால் தடவ வேண்டும். சாவி, கல், பட்டன், எது கிடந்தாலும் எங்களுக்குக் குத்தாது. குத்தாததுதான் ஆபத்து. வீட்டுக்குப் போனதும் கண்ணாடி வைத்துப் பின்புறம் பார்க்க வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் கத்துவார்.

"கை போட்டுப் பாருங்க! கை போட்டுப் பாருங்க!"

அந்த ஞாயிறும் கத்தினார். நான் விழுந்ததில் சக்கரத்தின் நட்டு கழன்று உருண்டது. எடுத்து மடியில் வைத்தேன். மாற்று நட்டு போட்டு முடுக்கினார்கள். மறுபடி ஆடினேன். பழையது வழுக்கித் தொடைக்கடியில் போயிருக்கிறது. தொடைக்கு எப்படித் தெரியும்?

நாலு முப்பது. என் முறை முடிந்தது. தனத்தின் முறை. பவானிக்காரி. இருபத்து நாலு வயது. துடியலூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். பந்து தவறினாலும் சிரிப்பாள், விழுந்தாலும் சிரிப்பாள், எனக்கு எரிச்சலாக வரும். "ஏறு, ஏறு" என்றேன். நான் தடவவில்லை. அவளும் தடவவில்லை. நாற்பது நிமிடம் ஆடினாள்.

இறங்கியபோது பார்த்தோம். குஷனின் பள்ளத்தில் நட்டு. "ஐயோ, உங்க நட்டு மேலயா உக்காந்திருந்தேன்?" என்று சிரித்தாள். பாவி, நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டாள். புடவையை விலக்கிக் காட்டினாள். நட்டு அழுத்திய இடம் கறுப்பாக, நடுவில் ஈரமாக.

"அக்கா, ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைய அனுப்ப மாட்டாரு. ஆறிப்போயிருமுங்க."

சரி என்றேன். மறு ஞாயிறு மேட்டுப்பாளையத்தில் போட்டி. அவள் இல்லாமல் நாங்கள் ஜெயிக்க முடியாது. அது ஒரு காரணம். நட்டு என்னுடையது. அது பெரிய காரணம். பயந்தேன். களிம்பு வாங்கிக் கொடுத்தேன். போட்டியில் அந்தப் புண்ணோடுதான் ஆடினாள். ஜெயித்தோம். கைதட்டினேன்.

வியாழன், காலை ஆறு ஐந்து. போன். அவள் அண்ணன். காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது என்கிறார். அப்போதுதான் சொன்னேன். பதினோரு நாள் கழித்து. மேலே சின்னதாகத் தெரிந்த புண் உள்ளே எலும்பு வரை போயிருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள். இயந்திரத்தின் பீப் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அண்ணன் பிணவறை வாசலில் நின்றார்.

"ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க. நான் ஏனுங்க அவள நிறுத்தறேன்? வெளையாடப் போனதுக்கப்பறம்தானுங்க அவ வயிறாரச் சோறே தின்னா."

அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறு வாரம் மைதானத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் திரும்பியது. துள்ளல் திரும்பியது. உடம்புக்கு என் துக்கம் ஒரு பொருட்டே இல்லை. அக்கா மறுபடி கட்டிலுக்கு வந்தார். இந்த முறை கத்தவில்லை. என் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். என் கண் முன்னால் அதன் குஷனைத் தடவினார்.

இப்போதும் ஆடுகிறேன். தோள் வலிக்கிறது. ஒவ்வொருத்தி ஏறும்போதும் கத்துவது இப்போது நான். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

இழந்ததை எண்ணிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பெண்களின் கால்கள், பதினெட்டு. படுக்கையில் போன என் மூன்று வருடம். கணவர் ஒருவர், சாகவில்லை, திருப்பூரில் இன்னொரு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார். இப்போது எட்டுப் பேர். நாற்காலிகள் அதே ஆறு.

தனம், ஒருத்தி.

பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் என் கையில் போன் இருந்தது.