கட்டுப் போடாத கை

இன்னும் வரல சார். நானும் என்ன பண்ண, நாலு பாட்டில் தண்ணி குடிச்சாச்சு. எடை குறைக்கணும்னு மூணு நாளா காயப்போட்ட உடம்பு, ஊத்தறதையெல்லாம் உறிஞ்சிக்குது. தோத்தவனோட மூத்திரத்துக்கு இவ்வளவு மரியாதையா? சரி சரி, ஃபைனல் ஆடுன ரெண்டு பேருக்கும் ஊக்கமருந்து டெஸ்ட், கண்ண விட்டு அகலக்கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு. உக்காருங்க.

ஐஸ் வச்சிருக்கறதா? வலது முழங்கை. மூணு வருஷம் முன்னாடி மூட்டு நழுவிடுச்சு. ஆனா பாருங்க, கட்டு இருக்கறது இடது கையில. நல்ல கையில. ஜூடோவுல எதிராளி மொதல்ல எங்க கட்டு இருக்குன்னுதான் பாப்பான். அங்கதான் அடின்னு நெனச்சு அதையே இழுத்துக்கிட்டு நேரத்த வீணாக்குவான். எங்க கட்டுக்காரன் மூளையில உதிச்ச தந்திரம் சார் அது. ஒவ்வொரு போட்டிக்கும் அவன்தான் கட்டுவான், டேப்பப் பல்லாலயே கடிச்சுக் கிழிப்பான். எந்தக் கை சொத்தைன்னு எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். டாக்டர்கிட்டகூட மூச்சு விடல.

ரெண்டு மாசம் முன்னாடி வேற நாட்டு டீம்ல வேலை கெடைச்சிருக்குன்னான். உடற்பயிற்சி சொல்லித்தர்ற வேலைதானாம். மனசாரப் போயிட்டு வான்னேன். உன் கையப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்னு அவனாத்தான் சொன்னான், நான் கேக்கவே இல்ல.

காலையிலருந்து நாலு பேர ஜெயிச்சேன். நாலு பேரும் இந்தக் கட்டப் புடிச்சுத்தான் தொங்குனானுங்க. எனக்கு முப்பத்தி நாலு ஆகுது சார், இத விட்டா உலக சாம்பியன் பட்டம் எனக்கு இல்ல. ஃபைனலுக்கு வந்தவன் இடது பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. கீழ விழுந்ததும் நேரா வலது கைய இழுத்து, ரெண்டு தொடைக்கு நடுவுல இறுக்கி நிமித்துனான். தட்டிட்டேன். பாயில ரெண்டு தட்டு தட்டுனா ஒத்துக்கிட்டேன், விட்டுடுன்னு அர்த்தம்.

வலிக்காகத் தட்டல. வலியெல்லாம் எனக்குப் பழக்கம். ஆடும்போது எதிராளி கழுத்துப்பட்டையத் தவிர நான் எதையும் பாக்கறதில்ல. தலை சாஞ்சு கெடந்தப்பதான் அந்தப் பக்கத்து கோச்சு நாற்காலி தெரிஞ்சுது. அதுல அவன். வலது, வலதுன்னு கத்திக்கிட்டிருந்தான். என் கை எதிர்ப்பக்கமா வளைய ஆரம்பிச்சதும் பாதி எழுந்துட்டான். அப்புறம் உக்காந்துட்டான். அந்த உக்காந்ததுதான் சார் என்னால தாங்க முடியல.

கதவத் தட்டறாங்களா? அவனாத்தான் இருக்கும். தொறக்காதீங்க.

இருங்க, இப்ப வர்ற மாதிரி இருக்கு. இந்த பேண்ட் நாடா முடிச்ச ஒரு கையால அவுக்க முடியல. நீங்களும் தொடக்கூடாதுங்கறீங்க. எங்க கோச்சு அடுத்த எடைப் பிரிவுல ஆடறவனோட போயிட்டாரு. வேற யாரு இருக்கா எனக்கு இங்க. சரி, வரச் சொல்லுங்க. அவுத்துவிட்டுப் போகட்டும். நான் அவன்கிட்ட பேச மாட்டேன், நீங்களே சொல்லிடுங்க.

உள்ள வந்தா ஃபாரத்துல எழுதணுமா? எழுதிக்கிங்க. உறவா? அண்ணன். கூடப் பொறந்த அண்ணன்தான் சார்.