விசிலுக்கு நான் செய்த அட்டை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், தம்பி. குறையாகச் சொல்லவில்லை. நான் டீயைக் குடித்ததைவிடத் தாளில் பூசியதுதான் அதிகம். சர்க்கரை போட்ட டீயைப் பூசினால் மறுநாள் எறும்பு வந்து அதன் பங்குக்கு ஒரு படம் வரைந்துவிட்டுப் போகும். பாலும் சர்க்கரையும் இல்லாத டீயை ஒரு கை பூசிக் காயவிட்டால், நேற்று வாங்கிய தாள் பாட்டன் காலத்துத் தாளாகிவிடும். மனிதனுக்கு வயசாக எத்தனையோ வருஷம் பிடிக்கிறது. தாளுக்கு அரை டம்ளர் போதும்.

எல்லாவற்றையும் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

ரப்பர் ஸ்டாம்ப் செய்வது என் தொழிலாக இருந்தது. ஊரில் பாதி அலுவலகங்களின் ‘பெறப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’ எல்லாம் என் கை வெட்டியவை. ஓர் அலுவலகத்தில் ‘அவசரம்’ என்று ஒரு முத்திரை கேட்டார்கள். செய்து வைத்தேன். அடுத்த வருஷம்தான் வாங்க வந்தார்கள். வயசானதும் கடையை விற்றேன். மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். மகன் வெளியூரில். வீடியோவில் பேசுவான்; போனை மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டு வேலையைப் பார்த்தபடி பேசுவான். அவன் முகத்தைவிட அவன் வீட்டு மின்விசிறிதான் எனக்கு நன்றாகப் பழக்கம்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் ஓவிய டீச்சர் ஒருவர் காகிதக் கைவேலை வகுப்பு நடத்துகிறார். தாள்மேல் தாள் ஒட்டி, அதன்மேல் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வர்ணம், மை, முத்திரை, பழைய டிக்கெட், பித்தான், நூல் என்று கைக்கு வந்ததை அடுக்கி வாழ்த்து அட்டை செய்வது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் ஆம்பிளை. வீட்டில் மோட்டுவளையைப் பார்ப்பதற்கு இது மேல் என்று போனேன். போன இடத்தில் கொஞ்சம் பேரும் வாங்கினேன். ஒருமுறை பட்டாம்பூச்சி முத்திரை வெட்டி, பச்சை மையில் குத்திக் காயவைத்திருந்தேன். சுவரில் இருந்த பல்லி காலையிலிருந்து அதற்குக் குறிவைத்து, மதியம் பாய்ந்தே விட்டது. அட்டை முழுக்கப் பச்சைக் கால்தடம். டீச்சர் எடுத்துப் பார்த்து, “இந்த டெக்னிக் எங்க கத்துக்கிட்டீங்க?” என்றார். நான் பல்லியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என் தனிச்சிறப்பு இரங்கல் அட்டை. கட்டடத்தில் யாராவது இறந்தால் வகுப்பின் சார்பில் ஒன்று கொடுப்போம். செய்வதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்பு. நானாகக் கேட்டு வாங்கிய பொறுப்புதான். பிறந்தநாள் அட்டையை வாங்குகிறவர்கள் ஒரு ‘தேங்க்ஸ்’ சொல்லி மேஜையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இரங்கல் அட்டையை வாங்குகிறவர்கள் உட்காரச் சொல்வார்கள். கையைப் பிடித்துக்கொள்வார்கள். மாடி வீட்டுப் பல் டாக்டர் தன் தாயார் இறந்தபோது என் கையைப் பிடித்தவர், எனக்குக் கொடுத்த டீ ஆறி ஆடை படியும்வரை விடவில்லை. மனைவி போன பிறகு அவ்வளவு நேரம் என் கையை யாரும் வைத்திருந்ததில்லை. இதைக் காரணம் என்று எழுத வேண்டாம். பேச்சுவாக்கில் சொன்னேன்.

இனி எதிர் வீட்டுக்காரன். பஸ் கண்டக்டராக இருந்தவன். எல்லாருக்கும் அவன் விசில்தான். ரிட்டையரான பிறகும் விசில் கழுத்தில் தொங்கியது. தூங்கும்போது கழற்றினால் போதும் என்று அவன் மனைவி சமரசம் செய்துகொண்டிருந்தாள். சாயங்காலமானால் என் கதவுக்கு வெளியே ஒரு விசில் கேட்கும். வண்டியை நிறுத்த ஒன்று, கிளப்ப இரண்டு, அதுதான் அவன் பாஷை.

“உயிரோட இருக்கியாடா?”

“இன்னைக்கு வரைக்கும் இருக்கேன்.”

“அப்ப சரி, போர்டை எடு.”

வருஷக்கணக்காக இதே வசனம். இருவரும் ஒரு சொல்லை மாற்றியதில்லை. கேரத்தில் அழுகுணி ஆட்டம் ஆடுவான். முழங்கையால் காயைத் தள்ளிவிட்டு, “காத்துடா” என்பான். ஜன்னல் சாத்தியிருக்கும். கிளம்பும்போது இரண்டு விசில். ஒரு நாளில் நான் யாரிடமாவது வாய் திறந்தேன் என்றால் பெரும்பாலும் அது அவனிடம்தான்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு மாரடைப்பு. டாக்டர் கையை விரித்துவிட்டார். அவன் மனைவி, என்னை வாய் நிறைய அண்ணே என்பவள், எங்கள் வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள், தம்பி. சாவு உடனே வந்துவிடும். வார்னிஷ் உடனே காயாது. ஓர் அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. செய்தி வந்த பிறகு உட்கார்ந்தால் பிசுபிசுவென்றுதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அப்படிக் கொடுத்ததுண்டு. விசிலுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

என் வாழ்நாளில் நான் செய்த நல்ல அட்டை அது. எப்போதோ அவன் கொடுத்து வைத்திருந்த பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்துச் சாலையாக ஒட்டினேன். மேலே வெள்ளைப் பூச்சு, அதை ஈரம் காய்வதற்குள் சுரண்டி மழைக் கோடுகள். ஜன்னலோர இருக்கை ஒன்றை ரப்பரில் வெட்டி, நீல மையில் குத்தி, விளிம்பில் தங்கப் பொடி தூவிச் சூடுகாட்டி உருக்கினேன். கீழே இரண்டு வரி: ‘இறங்கிவிட்டார். இருக்கை காலியாகவே இருக்கட்டும்.’

கடைசி வார்னிஷ் காய்ந்த அன்று அவன் கண் விழித்துவிட்டான். சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய மறுநாளே வந்தான். விசில் ஊத மூச்சு பத்தவில்லை, நகத்தால் கதவைச் சுரண்டினான். அட்டை மேஜைமேலேயே இருந்தது.

“யாருக்குடா இது?”

“உனக்குத்தான். அதாவது, தங்கச்சிக்கு.”

கண்ணாடியைப் போட்டுப் படித்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தான்.

“அடப்பாவி, நான் இன்னும் படியிலயே கால வைக்கல, அதுக்குள்ள இறக்கி விட்டுட்டியே. சீட்டு காலியாவா இருக்கும்? ஒருத்தன் எந்திரிக்கிறதுக்குள்ள இன்னொருத்தன் கைக்குட்டையைப் போட்டுருவான். நான் பாக்காத சீட்டா?”

“கிழிச்சிடட்டுமா?”

“ஏன்டா? எவ்வளவு அழகா இருக்கு. பத்திரமா வை, வீணாவா போயிடும்? என்னைக்காவது வேணும்ல.”

என்னைக்காவது வேணும் என்று சொன்னவன் அவன். நான் அல்ல.

அதற்குப் பிறகு சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா வைத்திருந்தான். நெஞ்சு பிடித்தால் அதிலிருந்து ஒரு மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். “மொளகு மாதிரி உறைக்குதுடா” என்பான். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஆட்டத்தைத் தொடர்வோம், அவன் காற்றைக் குறை சொல்வான்.

ஒரு நாள் ஸ்ட்ரைக்கருக்குப் பவுடர் போட்டுக்கொண்டே சொன்னான்.

“பையன் கூப்பிடுறான்டா. லிஃப்ட் இருக்கிற வீடாம், பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரியாம். வர்ற மாசம் ஒரேயடியா கிளம்புறோம்.”

“நல்லதுதான்.”

“நீயும் வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போடா.”

“வரேன்.”

அடுத்த அடியில் சிவப்புக் காயைப் போட்டேன். அவ்வளவு சுத்தமாக நான் அடித்ததே இல்லை. அவன்கூடக் கை தட்டினான்.

அவனுக்கு ஒரு வழியனுப்பு அட்டை செய்யச் சொன்னார் டீச்சர். உட்கார்ந்தேன். வரவில்லை. மை ஊறிப் பரவியது, பொடி கருகியது, பசை போட்ட தாள் குமிழ் விட்டது. ஒன்றைக் கிழித்து இன்னொன்று, அதைக் கிழித்து மற்றொன்று. கடைசியில் டீச்சரே ஒரு பூங்கொத்தை வரைந்து முடித்துக்கொண்டார். கைவேலையில் எல்லாருக்கும் வராத வேலை ஒன்று இருக்கும். எனக்கு அது வராது, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் விசிலின் இரங்கல் அட்டையை எடுத்துப் பார்த்தேன். வார்னிஷ் மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு டிக்கெட்டின் முனை தூக்கிக்கொண்டிருந்தது. தங்கம் மங்கியிருந்தது. இந்த மாதிரி அட்டைக்கு ஒரு காலம் உண்டு, தம்பி. அது தாண்டினால் குப்பை. அவன் ஊர் மாறிப் போய், பத்து வருஷம் கழித்து எங்கோ ஒரு லிஃப்ட் வீட்டில் இறந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? சொன்னாலும் தபாலில் அனுப்பினால் மடங்கிவிடும். இதைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். எப்படி யோசித்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

பிறகு சின்ன வேலை ஒன்றைத் தொடங்கினேன். வகுப்பில் வட்டம் வெட்டுகிற பஞ்சிங் மெஷின்களில் இருப்பதிலேயே பொடிசானதை வைத்துத் தடித்த வெள்ளைத் தாளில் பொட்டுகள் வெட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, புத்தகங்களை ஏற்றி அழுத்தினேன். விளிம்பை நகம் தேய்க்கும் அரத்தால் உருட்டினேன். வெள்ளைப் பூச்சு, தேய்ப்பு, மறுபடி பூச்சு, மேலே மங்கலான வார்னிஷ். நடுவில் ஒரு கோடு வர வேண்டும். அதற்கென்றே ரப்பரில் ஒரு கோட்டை வெட்டினேன். மாதிரிக்கு அசலில் ஒன்று தேவைப்பட்டது. விசில் ஆட்டம் முடிந்து பவுடர் கையைக் கழுவப் போகும்போது டப்பாவை மேஜையில் வைப்பது வழக்கம். ஒரு நாள் மாதிரியை எடுத்தேன். இன்னொரு நாள் எல்லாவற்றையும் மாற்றினேன். உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் பையில் இருக்கிறதே, அது அதில் ஒன்று. பக்கத்தில் அசலை வைத்துப் பாருங்கள், உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அசல் மாத்திரைகள் என் இழுப்பறையில் மினுக்குப் பொடி டப்பாவில் இருக்கின்றன. கெடவில்லை. யாருக்காவது உதவும்.

பெட்டி கட்டிய களைப்போடு ஒரு சாயங்காலம் வந்தான். ஒரு விசில். உயிரோட இருக்கியா, இருக்கேன், போர்டை எடு. பாதி ஆட்டத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டான். டப்பாவைத் திறந்து ஒன்றை நாக்குக்கடியில் வைத்தான். காத்திருந்தோம்.

“டேய், இன்னைக்கு உறைக்கவே இல்லடா.”

“பொறு, கரையட்டும்.”

இன்னொன்றை வைத்தான். வேர்த்துக் கொட்டியது. தங்கச்சியைக் கூப்பிடச் சொன்னான். கூப்பிடுகிறேன் என்றேன். ஆனால் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், தம்பி. கெட்டியாகப் பிடித்திருந்தான். பிடித்த கையை உதறிவிட்டு எழுந்து போவது எப்படி? அவனாக விட்ட பிறகுதான் போய்க் கதவைத் தட்டினேன்.

மறுநாள் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தூக்கியிருந்த முனையை ஒட்டி, தங்கத்தை ஒருமுறை துடைத்திருந்தேன். தங்கச்சி இரண்டு வரியையும் படித்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நெடுநேரம் அழுதாள். அவன் மகன் வந்து தோளில் கை போட்டான். டீச்சர் வந்தார், பல் டாக்டர் வந்தார். எல்லாரும் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். நல்ல நாள் அது. தவறான சொல் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மகன் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், மிச்ச மருந்துகள் குழந்தைகள் கையில் படக் கூடாதென்று தங்கச்சி எல்லாவற்றையும் ஒரு வாளித் தண்ணீரில் கொட்டியிருக்கிறாள். மற்றவை அடியில் போய்ப் படிந்தன. சில மட்டும் மிதந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் கீறியிருக்கிறாள். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறது. எத்தனையோ நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து அதே பஞ்சிங் மெஷினில் பொட்டு வெட்டியவள்.

அப்போதே என் கதவுக்கு வந்துவிட்டாள். ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் அது.

“அண்ணே, இது உங்க கைவேலைதானே?”

“ஆமாம்மா. எப்படிக் கண்டுபிடிச்சே?”

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, உள்ளங்கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற யாருக்கும் விளிம்பு இவ்வளவு சுத்தமா வராதேண்ணே” என்றாள்.

அட்டையை என் வாசலில் வைத்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் செய்யப் போனாள். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆக, மாத்திரையை மாற்றியது நான்தான். தெரிந்தே செய்தேன், யாரும் தூண்டவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் ஊரை விட்டுப் போவது தாங்காமல் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். நான் தனியாக இருந்து பழகியவன். அட்டை கெட்டுக்கொண்டிருந்தது, வேறு ஒன்றுமில்லை.

யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். மகனுக்கு வேண்டாம், போன் மல்லாந்து கிடக்கும். எதிர் வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாயங்காலம் வந்து விசில் ஊதுவான். உள்ளேயிருந்து பதில் வரவில்லை என்றால் பயந்துபோய்விடுவான்.