பெனினா டீச்சரின் கடைசிக் கேள்விக்கு விறகுக்கொட்டகையிலிருந்து ஒரு பதில்

ஏரிக்கரைப் பள்ளியின் ஏந்தலே, எண்ணையும் எழுத்தையும் எங்கள் வீட்டு அடுப்படி வரை எட்டச் செய்தவரே, சியாயா மண் ஈன்ற செல்வமே, கரும்பலகையோடு கல்வி முடிவதில்லை என்று காட்டிய கனிவே, பெருமதிப்பிற்குரிய பெனினா அலுவோச் டீச்சர் அவர்களே, வணக்கம்.

ஆசிரியர்களின் மடல் சற்றுமுன் வாசிக்கப்பட்டது. தங்கள் பட்டங்களும் பயிற்சிகளும் அதில் முறையாக வந்துவிட்டன. இது சமையற்கூடம், விறகுக்கொட்டகை, வாயில், தோட்டம் ஆகிய இடங்களில் உழைப்போரின் மடல். இதை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது சமையற்காரி தொர்க்கா பேனாவை விறகு பிளக்கும் ஒகாடாவின் கையில் திணித்தார்.

"கடைசியா எழுதப் படிச்சவன் நீதான். உனக்குத்தான் மறந்திருக்காது. சின்னதா எழுதுய்யா, கண்ணாடிச் சட்டத்துக்குள்ள அடங்கணும்."

"எழுதறேன். ஆனா 'நான்'னு போட மாட்டேன். இது எல்லாருக்கும் பொதுக் காகிதம்."

ஆகவே இதில் ஒகாடா என்ற பெயரும் மற்றவர் பெயர்களைப் போலவே வரும். அவரிடம் தங்களுக்குச் சேர வேண்டிய பதில் ஒன்று பல காலமாகத் தங்கிக் கிடக்கிறது. இன்று மாலை வண்டியில் தாங்கள் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான சியாயாவுக்குப் போய்விடுவீர்கள். அதற்குள் அது சேர்ந்தாக வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் இப்பள்ளியில் தாங்கள் ஆற்றிய பணியை அளந்து சொல்ல எங்களால் ஆகாது. கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். விடுதிப் படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டி, அதன்மேல் இணைய வினாவிளையாட்டை ஒளியாய் விழச் செய்தீர்கள். பிள்ளைகள் சொல்லும் விடைக்கு ஏற்ப வண்ணக் கோடுகள் ஏறுவதைப் பார்க்கத் தொர்க்கா சன்னலில் நின்று, அடுப்பில் சோளத்தையும் பீன்ஸையும் அடிப்பிடிக்க விட்டார். மலாவி நாட்டு ஏரிக்கரைப் பள்ளி ஒன்றோடு பொதுவான இணையப் பலகை திறந்தீர்கள். அவர்கள் ஒட்டிய மீன் படத்தைப் பார்த்து, "டீச்சர், இது நம்ம ஒமெனா, திருடிட்டுப் போயிட்டாங்க" என்று ஒரு பையன் சண்டைக்கு நின்றான்.

ஆயினும் எங்கள் நெஞ்சில் நிலைத்தது அந்த வாட்ஸ்அப் வகுப்புக் குழுதான். பிள்ளைகளிடம் எண் கேட்டீர்கள். எந்தப் பிள்ளைக்கு இங்கே சொந்தப் போன் இருக்கிறது? அம்மா எண்ணையும் அப்பா எண்ணையும் கொடுத்தார்கள். மாலைதோறும் தங்கள் கேள்வி மீன் காயும் வலைகளுக்கு நடுவே வந்து விழுந்தது. பிள்ளை பதில் சொல்லுமுன் தாய்மார் சொன்னார்கள். தாங்கள் யாரையும் விலக்கவில்லை. கேள்வியைக் குரலாகவும் எழுத்தாகவும் இரு முறை அனுப்பினீர்கள். குரலைக் கேட்டுக்கொண்டே எழுத்தின்மேல் விரலை ஓட்டி ஓட்டித்தான், நரைத்த தலையோடு, ஒகாடா படிக்கக் கற்றார். "தாமதமா வந்த பதிலுக்கும் மார்க் உண்டு" என்று தாங்கள் அடிக்கடி சொல்வது அவருக்கென்றே சொன்னதுபோல இருந்தது.

மேலதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்த காலையில், முந்தைய மாலை வந்த பதில்களைத் தாங்கள் வழக்கம்போல ஒலிபெருக்கியில் போட்டீர்கள். ஒமெனா மணலில் வேகமாகக் காயுமா, வலையிலா என்பது கேள்வி. முதலில் மாணவன் ஒபியெரோவின் அம்மா குரல் வந்தது.

"மணல்லயா? அதை அஜ்வாங்கிட்ட கேளுங்க டீச்சர். அவ கருவாட்டுல பாதி மணலுதான். அதைக் கடிச்சு எத்தனை பேருக்குப் பல்லு போச்சுன்னு பிள்ளைங்களைக் கணக்குப் போடச் சொல்லுங்க."

அடுத்தது கரையில் கருவாடு விற்கும் அஜ்வாங்.

"பல்லு இருக்கறவங்களுக்குத்தானேடி போகும். உன் வீட்டுக்காரருக்கு என்ன கவலை?"

வகுப்பே சிரித்து உருண்டது. தாங்கள் முகம் மாறாமல், ஒரு கிலோவில் கால் பங்கு மணலானால் மீன் எவ்வளவு என்று பலகையில் எழுதினீர்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. சில நாளில் ஆணை வந்தது. மாணவர் அல்லாத அனைவரையும் குழுவிலிருந்து நீக்க வேண்டும்.

மாணவர் எண் என்று அதில் ஒன்றுகூட இல்லை, டீச்சர். அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தாங்கள் நீக்கினீர்கள். தேநீர் கொண்டுவந்த தொர்க்கா பார்த்துக்கொண்டு நின்றார். முடித்தபோது குழுவில் தாங்கள் ஒருவர் மட்டுமே மிஞ்சினீர்கள். தேநீர் தொடாமல் ஆறிப்போயிற்று.

அதே நேரம், உணவு இடைவேளையில், விறகுக்கொட்டகையில் ஒகாடா தன் வாழ்நாளின் முதல் எழுத்துப் பதிலைத் தட்டிக்கொண்டிருந்தார். அதுவரை குரல்தான் அனுப்புவார். முந்தின நாள் மாலை வந்த கேள்வி இது: உங்கள் வீட்டில் முதலில் எழுபவர் யார்? எழுந்ததும் அவர் எதைப் பார்க்கிறார்? பக்கத்தில் வந்து நின்றாள் மகள் லவெண்டா.

"குடுப்பா, நான் தட்டறேன். நீ முடிக்கறதுக்குள்ள சார்ஜ் போயிடும்."

"எட்டிப் பார்க்காத. நாளைக்கு டீச்சர் வகுப்புல வாசிப்பாங்க, அப்ப கேட்டுக்க."

"எல்லார் முன்னாடியுமா? மானத்தை வாங்காதப்பா."

கடைசி எழுத்தையும் போட்டு அனுப்பப் போனார். தட்டிய எழுத்து இருந்த இடத்தில், தாங்கள் இக்குழுவில் உறுப்பினர் அல்லர் என்ற வரி நின்றது. அதையும் அவரால் படிக்க முடிந்தது.

"என்னப்பா எழுதியிருந்த?"

"ஒண்ணுமில்ல. விறகு விலை."

பிறகு பள்ளிக்குப் புதுக் கைப்பலகைக் கணினிகள் வந்தன, கடவுச்சொல்லோடு கூடிய வகுப்புத் தளமும் வந்தது. நல்லவைதான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் அவை வாயிலுக்குள்ளே மட்டும் பேசின. கரையில் மாலைகள் ஊமையாயின. மணலுக்கும் வலைக்கும் நடந்த வழக்கு தீர்ப்பில்லாமலே நின்றுபோயிற்று.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வாயால் சொல்ல அவருக்கு என்றும் முடிந்திருந்தது. எழுத்தில் சொல்லத்தான் ஆசைப்பட்டார், அதுவும் மகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, தாங்கள் வாசிக்க. லவெண்டா இப்போது நைரோபியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த பெஞ்சில் வேறு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. தங்கள் ஓய்வு நாளும் வந்துவிட்டது. இதைவிடத் தாமதிக்க வழியில்லை. ஆகவே அன்று தட்டிய அதே சொற்களை இங்கே எழுதுகிறோம்.

'முதலில் எழுவது நான். அப்போது இருட்டாக இருக்கும். என் மகள் வளர்ந்துவிட்டாள், போர்வை வளரவில்லை. அவள் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் பார்ப்பேன். என் சட்டையை அதன்மேல் போட்டு மூடிவிட்டு, அடுப்பு மூட்டப் பள்ளிக்கு வருவேன். அவள் எழுவதற்குள் சட்டையை எடுக்கத் திரும்பிவிடுவேன். அது அவளுக்குத் தெரியாது.'

மதிப்பெண் இடுவது தங்கள் உரிமை, டீச்சர்.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு தாங்கள் நிறைந்து வாழ்க. இத்தனை ஆண்டும் மணியடிக்கும் முன்னே வந்து நின்ற தாங்கள், இனி தங்கள் வீட்டில் முதலில் எழுபவராக இல்லாதிருப்பீர்களாக. தங்களுக்கு முன்னே எழுபவர் யாரோ, அவர் தங்கள் காலையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போவாராக.

பிரிய மனமின்றி,
சமையற்கூடம், விறகுக்கொட்டகை, வாயில், தோட்டம் ஆகியவற்றின் பணியாளர்கள்