மேல்மாடி ஸ்பீக்கர்

“பேய் ஒயர்ல வருமாடி?” என்று அம்மு ஒருமுறை என்னைக் கேட்டாள்.

கரண்ட் போன ராத்திரி. தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மாடிப்படியில் அம்மு, டில்லிபாபு, நான் என்று ஐந்து பேர் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். நான் எப்போதும் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவள். அன்றைக்கு என்னவோ வாயைத் திறந்துவிட்டேன். இது என் தோழி கீர்த்தியின் சித்தப்பா வீட்டில் நடந்தது.

விடியற்காலை நாலரை மணி. எர்ணாவூரில் ரயில் பாதையை ஒட்டிய சாலை. கம்பெனி வேன் மகிழினியை முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஒரு நாய்கூட இல்லை. காற்றில் அமோனியா நெடி...

மகிழினி அந்தச் சித்தப்பா திருமலையின் மகள். நைட் ஷிப்ட் வேலை. அவள் அம்மா வேம்புவுக்குப் பக்கவாதம். மாடியறையில் படுத்த படுக்கை. குரல் எழும்பாது. கீழே அப்பாவின் ஜெராக்ஸ் கடை. எவ்வளவு கூப்பிட்டாலும் அங்கே கேட்காது.

அதனால் மகிழினி, மாடியில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கும் கடைக் கம்ப்யூட்டருக்கும் ஒயர் இழுத்தாள். இரண்டிலும் மைக், ஸ்பீக்கர். அம்மா முனகினால் கடையில் கேட்கும். கடைப் பேச்சு அம்மாவுக்குக் கேட்கும், பொழுது போகுமே என்று. எதுவும் பதிவாகாது. பேசும்போது கேட்டால் உண்டு, அவ்வளவுதான்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒரு ராத்திரி மகிழினி ஷிப்டில் இருக்கும்போது அம்மா செத்துப்போனாள். மூச்சு முட்டி.

“ஒயரு புட்டுக்கிச்சு. ஒரு சத்தமும் வரல,” என்றார் திருமலை.

சாவுக்கு வந்த அத்தனை பேரும் மகிழினியைப் பார்த்தார்கள். “இன்னாத்துக்குடி உனுக்கு இந்த எஞ்சினீரு வேல? பெத்தவள வாரிக் குடுத்துட்டியே!” என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். அப்பா தடுக்கவில்லை. பதினாறு நாளும் மகிழினி அந்த ஒயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கே அறுந்தது? எங்கேயும் அறுந்திருக்கவில்லை.

“எலி கட்ச்சிருக்கும். எலிதான் பேயா?” என்றான் கீழ்ப்படியிலிருந்த டில்லிபாபு. அம்மு அவன் தலையில் தட்டினாள்.

காரியம் முடிந்த மறுநாளே, கடைக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தன் தோஸ்து செல்வத்துக்குக் கொடுத்துவிட்டார் திருமலை. மைக், ஸ்பீக்கர் எல்லாம் போயின. ஒயரின் முனை மட்டும் தரையில் கிடந்தது. மாடியில் இருந்ததை அணைக்க மகிழினிக்குத்தான் மனம் வரவில்லை.

வேனிலிருந்து இறங்கிய அந்த விடியற்காலை அவள் வீட்டுக்கு வந்து மாடியேறினாள். அம்மாவின் அறை இருட்டு. டெட்டால் வாசனை... இப்போதுதான் துடைத்த மாதிரி. ஸ்பீக்கரில் சின்னப் பச்சை விளக்கு.

உஸ்ஸ்ஸ்...

டொக். கேரம் பலகைச் சத்தம். சிரிப்பு. அப்புறம், கடை ஸ்பீக்கரில் ஒலித்து, கடை மைக் வழியாகத் திரும்பி வந்த அம்மாவின் குரல்.

“யோவ்... மேல வாய்யா... மூச்சு முட்டுது...”

“மாமு, உன் வூட்டுக்காரி கூப்புடுது பாரு.” செல்வத்தின் குரல்.

“அது டெய்லி கத்திகினுதான் கீது. பேஜாரு. ஸ்பீக்கர அமுக்கு.” அப்பாவின் குரல்.

டிக்.

டொக். “செவப்பு விய்ந்துச்சு மாமு!” சிரிப்பு. மறுபடி டொக்.

கடை ஸ்பீக்கரைத்தான் அமுக்கி அணைத்திருக்கிறார்கள். மைக்கை அல்ல. அப்படியென்றால்... அத்தனையும் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. கடைசி மூச்சு வரைக்கும் அந்தச் சிரிப்பு.

இந்த இடத்தில் எனக்குப் பயம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் மேலே சொன்னேன்.

பக்கத்து அறையில் தூங்கிய திருமலை எழுந்து வாசலில் நின்றிருந்தார். பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. சத்தம் நின்றது.

“மெசினு கெட்டுப் பூட்ச்சும்மா...” என்று ஆரம்பித்தார்.

அப்போது கீழே, ஸ்பீக்கரே இல்லாத கடையிலிருந்து, மிகத் தெளிவாக...

“யோவ்... இப்ப கேக்குதா?”

திருமலை மாடிப்படிவரை ஓடிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். இறங்கக் கால் வரவில்லை. “மகி... என்னத் தனியா வுட்டுட்டுப் பூடாதம்மா...”

மகிழினி துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு அவரைக் கடந்து படியிறங்கினாள். கடை இருட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடியும் அவரைக் கூப்பிட்டது. அவள் அங்கே ஒரு நொடி நின்றாள். பிறகு தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.