நண்டுப் படையும் நான்காவது இடமும்

அண்டங்களை எல்லாம் ஒரு மேசைக்குள் அடக்கி ஆளும் அவைத்தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மானுடப் படையின் மாபெரும் தளபதி குமரேசன் ஐயா அவர்களே. தீர்மானத்தைத் தாமே எழுதி, தாமே முன்மொழிந்து, தாமே வழிமொழியவும் முயன்று தடுக்கப்பட்ட செயலாளர் தம்பி விமல்ராஜ் அவர்களே. வேங்கிக்காலில் மண்டபம் என்றால் கல்யாணம்தான் என்று நம்பி வந்து அமர்ந்துவிட்ட பெரியோர்களே. விளையாட்டுக் கழகம் என்றால் பிள்ளைகள் விளையாடுவது என்று எண்ணி வந்து, விளையாடுகிறவர் தம் கணவர் என்று கண்டு கலங்கி நிற்கும் தாய்மார்களே. உங்கள் அனைவரின் பொறுமைக்கும் முதற்கண் என் வணக்கம்.

விவரம் அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். அதோ நடுவில் இருக்கும் மேசையைப் பாருங்கள். தெர்மோகோல் மலை, அட்டைப் பாலம், விரல் உயரப் படைவீரர்கள். ஆளுக்கொரு படை, பகடை உருட்டிப் போர். கதைப்படி காலம் நமக்குப் பல நூற்றாண்டு பிந்தையது. இரும்பர்கள் என்னும் எந்திரக் கூட்டம் மனிதகுலத்தை அழிக்க வருகிறது. மனிதர் தொகை போதவில்லை. ஆகவே தண்ணீர் வற்றிப்போன ஒரு கிரகத்திலிருந்து ஆறுகால் வீரர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். விதிப்புத்தகத்தில் அவர்களுக்கு வாயில் நுழையாத பெயர். பார்த்தால் நண்டு போலிருப்பதால் நம் ஊரில் நண்டர்கள்.

அந்த நண்டர் படையை வாங்கி, வண்ணம் தீட்டி, வளர்த்து வைத்திருப்பவர் மெஹ்ஜபீன். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறார். அடுத்த வாரம் வேலூரில் போட்டி. நம் கழகத்திலிருந்து நால்வர் போகலாம். மூவர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடம் மெஹ்ஜபீனுக்கா இல்லையா என்பதுதான் இன்றைய கேள்வி. 'மனிதர் அணியில் மனிதர் மட்டும்' என்கிறது செயலாளர் தீர்மானம். அது நிறைவேறினால் நண்டர்கள் வெளியே. நண்டர்களோடு மெஹ்ஜபீனும் வெளியே. இத்தீர்மானத்தை ஆதரித்துப் பேசும் பொறுப்பு எனக்கு. ஆதரிக்கிறேன்.

தீர்மானத்தின் முதல் காரணம், அவர்கள் கூலிக்குப் போர் செய்கிறவர்கள் என்பது. என்ன கொடுமை பாருங்கள். உழைத்துவிட்டுக் கூலி கேட்கிறார்களாம். மாதம் பிறந்தால் நாம் வாங்குவது சம்பளம். மேடையில் பேசுகிறவன் வாங்குவது சன்மானம். பூசை செய்கிறவர் வாங்குவது தட்சணை. மேசைக்கு அடியில் வாங்கினால்கூட அன்பளிப்பு என்று அழகிய பெயருண்டு. இத்தனை பெயர் படைத்த தமிழ், நண்டனுக்கு மட்டும் கூலி என்ற ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. கூலிக்கு மாரடிக்கிறான் என்று ஏசுகிறோம். சரி. செத்தது யார் வீட்டில்? அழ ஆள் கூட்டி வந்தது யார்?

அந்தக் கூலி என்ன என்றாவது பார்த்தோமா? பொன் அல்ல, பொருள் அல்ல. தண்ணீர். தண்ணீருக்காக உயிரைக் கொடுக்கிறவர்கள் எவ்வளவு இழிந்தவர்கள் என்று, கோடையில் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடும் நமக்கா தெரியாது? என்ன அருணாதேவி அம்மா, தாய்மார்கள் வரிசையிலிருந்து சிரிக்கிறீர்கள்? "நாங்க இனாமாவே அடிச்சிக்கிறோம்"னு சொல்கிறார். உண்மை. அவர் கூலிப்படை அல்ல. தன்னார்வப் படை.

கூலிப்படை என்றதும் காலையில் நடந்தது நினைவுக்கு வருகிறது. நம் செயலாளர் வாசலில் ஒரு பேனர் கட்டினார். 'கூலிப்படை குறித்த அவசரக் கூட்டம். அனைவரும் வருக.' எழுத்துப்பிழை இல்லை, அதுதான் பிழை. செய்தித்தாளில் கூலிப்படை என்றால் அரிவாள் என்று அர்த்தம். அரைமணி நேரத்தில் இரண்டு காவலர்கள் வந்தார்கள்.

"யாருங்க இங்க கூலிப்படை?" என்றார் மூத்தவர்.

தளபதி ஐயா தயங்காமல் மெஹ்ஜபீன் மடியிலிருந்த பெட்டியைக் காட்டினார். காவலர் மூடியைத் திறந்தார். "இன்னாங்க இது, நண்டு பொம்மை?"

"கூலிப்படைதாங்க" என்றார் மெஹ்ஜபீன்.

"எந்த ஊரு?"

"வேற கிரகங்க."

காவலர் யோசித்தார். பிறகு துணைக்கு வந்தவரிடம் சொன்னார்: "நம்ம லிமிட்ல வராதுப்பா. வா, டீ சாப்புடலாம்."

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். அவர்கள் வெளியார். வேறு நிறம், வேறு உருவம், வேறு கால் கணக்கு. வெளியாரைக் கண்டால் நமக்கு ஆகாது, திருவண்ணாமலையாயிற்றே. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வெளியூர்க்காரர்கள் வந்தால் நாம் எவ்வளவு வேதனையோடு அவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறோம், எவ்வளவு துயரத்தோடு இட்லி விற்கிறோம், அடி அண்ணாமலை வரை எவ்வளவு கண்ணீரோடு ஆட்டோ ஓட்டுகிறோம். எங்கோ பிறந்து, இங்கே காவி கட்டி, நம்மைவிடத் திருத்தமாக வணக்கம் சொல்லும் வெள்ளைக்காரரைக் கண்டால் நாமே வழிவிட்டு நிற்கிறோம். இப்படி வெளியாரை வெறுத்தே வயிறு வளர்க்கும் ஊரில், ஒரு பெட்டி நண்டுக்கு எப்படி இடம் தருவது?

மூன்றாவது காரணம், வீரம். வீரம் மனிதர்க்கே உரியது என்கிறது தீர்மானம். அதற்குச் சான்றாகச் சென்ற மாதப் போட்டியில் நடந்த போரைச் சொல்லியே ஆகவேண்டும்.

அந்த அட்டைப் பாலத்தின் ஒரு கரையில் எதிரணியின் இரும்பர்கள். மறு கரையில் நம் தளபதி ஐயாவின் மானுடப் படை, பக்கத்தில் மெஹ்ஜபீனின் நண்டர்கள். இரும்பர் பகடை ஆறு ஆறாக விழுந்தது. தளபதி ஐயா தம் படையைத் திருப்பினார். முப்பதாண்டு தலைமையாசிரியர் அல்லவா? பின்வாங்கும்போதும் வரிசை கலையவில்லை.

"சார், பாலத்த வுட்டுட்டுப் போறீங்களே?" என்றார் மெஹ்ஜபீன்.

"நீ நில்லும்மா. நாங்க சுத்திக்கினு ஒரு பக்கமா வந்துடறோம்."

"எந்தப் பக்கமா சார்?"

"அதான் பாத்துக்கினு இருக்கேன்."

ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். நண்டர்கள் நின்றார்கள். முன்வரிசை விழுந்தது, நின்றார்கள். பின்வரிசை விழுந்தது, நின்றார்கள். மிஞ்சிய இருவர் பாலத்தின் நடுவில் நின்று, இரும்பர்களின் கடைசி எந்திரத்தை ஆற்றில் தள்ளினார்கள். அப்போதுதான் மானுடப் படை சுற்றி வந்து சேர்ந்தது, கொடி நாட்டுவதற்கு.

அந்த வெற்றியின் புகைப்படம் மண்டப வாசலில் மாட்டியிருக்கிறது. கேடயத்தோடு தளபதி ஐயா இருக்கிறார். செயலாளர் இருக்கிறார். போட்டிக்கே வராத துணைத் தலைவர் இருக்கிறார். மெஹ்ஜபீன் இல்லை. யாரும் சதி செய்யவில்லை, காரணம் எளியது. படம் எடுத்தவர் அவர்.

செயலாளர் கல்நெஞ்சர் அல்லர். சற்று முன் காபி நேரத்தில் மெஹ்ஜபீனிடம் சமாதானம் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மேடம், கோச்சிக்காதீங்க. வேலூருக்கு எடம்தான் இல்ல. உங்க நண்டுங்கள ரெக்கார்டுல 'கௌரவ மனிதர்'னு போட்டுடறோம். மரியாதையா இருக்கும்."

மெஹ்ஜபீன் டம்ளரைக் கீழே வைத்தார். "காலேஜ்ல என் பேரு இன்னா தெரியுமா விமல்? கௌரவ விரிவுரையாளர். பர்மனென்ட் சார் லீவு போட்டா அவர் கிளாசும் நான்தான், பேப்பர் திருத்தறதும் நான்தான். சம்பளம் மட்டும் கம்மி, கௌரவம் ஜாஸ்தி. அந்தக் கௌரவம் எனக்கே போதும். நண்டுங்களுக்கு வேணாம்."

தமிழில் கௌரவம் என்ற சொல்லுக்கு இத்தனை துல்லியமான பொருளை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை. பக்கத்தில் நிற்க வேண்டும். பட்டியலில் நிற்கக் கூடாது. பாரம் சுமக்க வேண்டும். பங்கு கேட்கக் கூடாது. அதற்குப் பெயர் கௌரவம்.

கடைசிக் காரணம்தான் கனமானது. கூலிக்கு வந்தவன் பாதியில் கட்சி மாறிவிடுவான் என்கிறார் செயலாளர். இதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. கழகத்தின் எல்லா ஆட்டங்களையும் விசாரித்துவிட்டேன். ஒரு நண்டன்கூட மாறியதில்லை. சான்றில்லாத தீர்மானம் வேலூர்க்காரர் முன்னால் நமக்கு அவமானம். ஆகவே சான்றை நானே தருகிறேன்.

இத்தீர்மானத்தை ஆதரிக்க என்னை ஆட்டோ வைத்து அழைத்து வந்தார்கள். சன்மானம் பேசினார்கள். பொன்னாடை அதோ மடித்து வைத்திருக்கிறது. அப்படி வந்த நான், இந்த மைக்கின் முன்னால், இப்போது கட்சி மாறுகிறேன். தீர்மானத்தை எதிர்க்கிறேன்.

"அய்யா, நீங்க நம்ம சைடு பேச வந்தவரு" என்று தம்பி விமல்ராஜ் எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் தம்பி. உங்கள் வாதத்தைத்தானே நிரூபித்தேன்? ஒரே ஒரு திருத்தம். மாறியவன் மனிதன்.

பெரியோர்களே, தாய்மார்களே, பாலத்தின்மேல் நின்றபோது பக்கத்தில் இருப்பவன் யார் என்று கேட்டோமா? அவனுக்கு எத்தனை கால் என்று எண்ணினோமா? எந்தக் கிரகம், எந்தத் தெரு, எந்தக் கடவுள் என்று விசாரித்தோமா? அங்கே கேட்டதெல்லாம் ஒன்றுதான்: நிற்பாயா? நிற்கிறேன் என்றவர்கள் நின்றார்கள். ஊர் கேட்பதும் உருவம் கேட்பதும் கரையேறிய பிறகு, கேடயம் கைக்கு வந்த பிறகு, காரில் நான்கு பேருக்குத்தான் இடம் என்ற பிறகு. வேலூரிலும் ஒரு பாலம் இருக்கும். அங்கே யாரை நிறுத்தப் போகிறோம், புகைப்படத்தில் இருப்பவர்களையா?

வாக்கெடுப்புக்கு வேளை வந்துவிட்டது. தலைவர் ஐயா கையைத் தூக்குகிறார். ஐயா, இன்னும் கேள்வியே கேட்கவில்லை. ஆதரித்தா, எதிர்த்தா?

"எதிர்த்துதான்யா" என்கிறார். "பாலத்த வுட்டு ஓடுனவன் நானு. யாரு நின்னாங்கன்னு ஓடுனவனுக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணு வரட்டும்."

பின்வரிசையில் கைகள் எழுகின்றன. தாய்மார்கள் வரிசையிலும் எழுகின்றன. அவர்களுக்கு வாக்கில்லை என்று செயலாளர் சொல்கிறார், யாரும் கையை இறக்கவில்லை. இதற்குமேல் நான் பேசினால் பேசிய கூலிக்கு மேல் உழைத்த பழி வந்துவிடும். பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. நிற்கிறவர்களுக்கு என் வணக்கம்.