வேன் கண்ணாடியில் ஒட்டிய அட்டை

குருக்கள்மடத்தில் பஸ்ஸில் ஏறிய இருவர் என் முன்னிருக்கையில் அமர்ந்தார்கள். ஒருவரின் அரிசி மில்லை வெள்ளம் அழித்திருந்தது. மற்றவர் அதற்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்.

“நான் ஒரு தவணையும் பிந்தாமக் கட்டின நான். மறுகா ஏன் காசு வராது?”

“நீங்க கட்டின சரி அத்தான். பெரிய இழப்பு வந்தா குடுக்கிறதுக்கு எங்கட கொம்பனியும் ஒரு வெளிநாட்டுக் கொம்பனியில இன்சூரன்ஸ் போட்டிருந்த. அங்க எங்கட ஆக்கள் பிரீமியம் கட்டல்ல. வெள்ளத்துக்கு முதலே அவங்க ஒப்பந்தத்த முறிச்சிட்டாங்க. இப்ப எங்கட கொம்பனியிட்ட உங்களுக்குக் குடுக்கக் காசில்ல.”

“அது உனக்கு எப்ப தெரியும் மச்சான்?”

“நேத்துத்தான் அத்தான்.”

பஸ் காத்தான்குடியைத் தாண்டியதும் மில்காரர் ஏஜென்ட் பக்கம் திரும்பினார்.

“உன்ட வேன் கண்ணாடியில உங்கட கொம்பனி இன்சூரன்ஸ் அட்டைதானே இருந்த. வெள்ளத்துக்கு முதலே வேற கொம்பனி அட்டைய ஒட்டிட்டாய். ஏன்?”

“அது... அங்க விலை குறைவு.”

“அப்ப, எனக்கு ஏன் சொல்லல்ல? இண்டைக்கு ஏன் வேன வீட்ட விட்டுட்டு என்னோட பஸ்ஸில வாறாய்?”

இருவருக்கும் டவுன் வரை டிக்கெட் எடுத்தவர் ஏஜென்ட்தான். டவுனுக்கு இன்னும் தூரம் இருந்தும், கல்லடிப் பாலத்துக்கு முன்னமே அவர் எழுந்து இறங்க மணியை அடித்தார்.