ஹட்டோரி வீட்டு முத்திரை

எங்கள் தெருவில் அறிவிப்பு ஒட்டிய கைப்பலகை அரை நாளில் பதினொரு வீடும் சுற்றி வந்துவிடும். கவாசாக்கி நகரின் மற்ற தெருக்களில் இரண்டு நாள் ஆகும் என்று கேள்வி. படித்துவிட்டு, படித்ததற்கு அடையாளமாகக் குடும்ப முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அடுத்தது ஹட்டோரி வீடு.

ஹட்டோரியின் மனைவி சியே உங்களிடம் சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதைத் திருத்தத்தான் பேசுகிறேன்.

எங்கள் இருவரின் கணவர்களும் ஒரே இரும்பாலையில் வேலை பார்த்தவர்கள். ஒரே ரயிலில் போருக்குப் போனார்கள். எனக்கு வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டி வந்தது. எலும்புக்குப் பதில் உள்ளே அவர் பெயர் எழுதிய காகிதம்தான் இருந்தது. போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, போன இலையுதிர் காலத்தில், அவளுக்குப் புருஷனே வந்துவிட்டான், சைபீரியக் கைதி முகாமிலிருந்து. தெருவே ஸ்டேஷனுக்குப் போனது, நானும் கொடி பிடித்தேன். எங்கள் வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். தினமும் அவன் வாய் கொப்பளிப்பதும், மகள் சாயோவைச் சிரிக்க வைப்பதும் கேட்கும். சியே ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து நீட்டி, "ஒத்த ஆளுக்கு எதுக்குக்கா அடுப்பு மூட்டிக்கிட்டு?" என்பாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வசந்தத்தில், ஹட்டோரி என்று செதுக்கிய மர முத்திரை ஒன்று கடையில் வாங்கினேன். சாதாரணப் பெயர், எங்கேயும் கிடைக்கும். உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான். அதன்பிறகு சில நாட்களில் பலகை அவள் வீட்டுக்குப் போகாது. அவளுக்கும் சேர்த்து நானே குத்தி, அதற்கடுத்த வீட்டுக் குமே அம்மாளிடம் கொடுத்துவிடுவேன். சாக்கடை சுத்தம் செய்த நாளில் சியே வரவில்லை.

"முத்திரை குத்த மட்டும் கை வருது, மண்வெட்டி புடிக்க வரலையோ? புருஷன் வந்ததும் மகாராணி ஆயிட்டா," என்றாள் குமே, எல்லோர் முன்னும்.

சியே இடுப்பு ஒடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு என்னிடம் வந்து அழுதாள். "பலகையப் பாத்த ஞாபகமே இல்லக்கா. எனக்கு மூளை கலங்கிப் போச்சா?" அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது எலி ஒழிப்பு அறிவிப்பு. மறுநாள் காலை வேலியடிகளில் விஷம் கலந்த சர்க்கரைவள்ளி உருண்டைகள் வைக்கப்படும், குழந்தைகளையும் கோழிகளையும் வெளியே விடாதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் இரண்டு முத்திரை குத்தினேன். வழக்கமாகச் செய்வதுதான், புதிதாக எதுவும் செய்யவில்லை.

மறுநாள் தெருவில் ஒரு குழந்தைகூட இல்லை. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சாயோ மட்டும் வந்து என் வேலியடியில் குந்தி, ஓர் உருண்டையைக் கையில் எடுத்தாள். நாலு வயது. இனிப்பைக் கண்டு எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

"அத்தை, இது ஒங்களுதா? நான் தின்னட்டா?"

அன்று மதியம் குழந்தையின் உடலை மடியில் போட்டுக்கொண்டு, உருண்டையை நான்தான் கொடுத்தேன் என்று சியே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். தவறு என்று சொன்னேனே, அது இதுதான். நான் அதைத் தொடவே இல்லை. "அம்மாகிட்ட கேட்டுட்டுத் தின்னு கண்ணு," என்றுதான் சொன்னேன். கேட்காமல் தின்பது நல்ல வளர்ப்பு இல்லையே.

அவள் உள்ளே ஓடினாள். சுவருக்கு அப்பால் சியேயின் குரல் கேட்டது. "அத்தை குடுத்தாங்களா? பாவம், வாயக் கட்டி ஒனக்குக் குடுத்திருக்காங்க. மொதல்ல போய் நன்றி சொல்லிட்டு வா, அப்பறம் தின்னு."

குழந்தை திரும்பி வந்தது. உருண்டை கையில் முழுசாக இருந்தது. நன்றாகக் குனிந்து, "ரொம்ப நன்றி அத்தை," என்றது. நானும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முறைப்படி குனிந்து வணங்கினேன். பெற்றவளே சரி என்று சொன்ன பிறகு, அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை ஐயா.